எண் ஜோக்குக்கு உரை சொல்ல முடியுமா? (சிம்ப்சன்ஸ் கரும்பலகை, 1729, 42, 73, நம்ம ஊர் 420)

வடகரை | 3 ஆகஸ்ட் 2025, இரவு 10:12

சினிமா, சீரியலை நம்பி வரும் எண் ஜோக்குக்கு விளக்கம் சொல்லவே முடியாது என்பது என் கட்சி. தெரிந்தவர் சிரிப்பார். தெரியாதவரிடம் "அது ஒரு சீரியலில் வரும் நம்பர்" என்றால் தலையாட்டுவார், சிரிக்க மாட்டார். ஓர் உதாரணம்: சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் ஹோமர் கரும்பலகையில் 3987¹² + 4365¹² = 4472¹² என்று எழுதுகிறார். சயன்டிஃபிக் கால்குலேட்டரில் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் வருகிறது. இதில் ஜோக் எங்கே இருக்கிறது?

நாற்கரம் | 3 ஆகஸ்ட், இரவு 11:05

கால்குலேட்டரில் ஒன்றாக வருவதுதான் ஜோக்.

ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் சொல்வது இது: அடுக்கு 2-க்கு மேல் போனால் aⁿ + bⁿ = cⁿ என்பதற்குப் பூச்சியமில்லாத முழு எண்களில் விடை கிடையாது. 350 வருடத்துக்கு மேல் நிரூபணம் இல்லாமல் கிடந்தது. கணிதர் ஆண்ட்ரூ வைல்ஸ் 1993-ல் நிரூபித்ததாக அறிவித்தார், அதில் ஓட்டை தெரிந்தது, 1994-ல் அடைத்தார், 1995-ல் அச்சில் வந்தது. அதே 1995-ல் சிம்ப்சன்ஸின் ஹாலோவீன் எபிசோடில் ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் விழும்போது பின்னால் 1782¹² + 1841¹² = 1922¹² மிதந்து போகிறது. நீங்கள் சொல்லும் கரும்பலகை 1998-ல் வந்தது. ஹோமர் எடிசனைப் பார்த்துக் கண்டுபிடிப்பாளர் ஆகக் கிளம்பும் எபிசோட்.

ஆக, உலகமே கொண்டாடிய தேற்றத்தை ஹோமர் சிம்ப்சன் ஒரு வரியில் உடைத்துவிட்டார். சந்தேகப்பட்டவர் கால்குலேட்டரை எடுத்தார். அதுவும் ஹோமர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது. முதல் சமன்பாட்டுக்கான எண்களைத் தேட அந்தத் தொடரின் எழுத்தாளர் டேவிட் எக்ஸ். கோஹன் தனியாக ஒரு நிரலே எழுதினார்.

நாற்கரம் | 3 ஆகஸ்ட், இரவு 11:31

பேப்பரும் பேனாவும் இல்லாமலே பொய்யைப் பிடிக்கலாம்.

1995: 1782 இரட்டைப்படை, 1841 ஒற்றைப்படை. எத்தனை அடுக்கு போட்டாலும் இரட்டை இரட்டையாகவும் ஒற்றை ஒற்றையாகவும் இருக்கும். கூட்டினால் ஒற்றை. வலது பக்கம் 1922¹² இரட்டை. முடிந்தது கதை.

1998: இங்கே ஒற்றை + ஒற்றை = இரட்டை, அந்தச் சோதனையில் தப்பிவிடும். மூன்றால் வகுத்துப் பாருங்கள். 3987-ன் இலக்கங்களைக் கூட்டினால் 27, 4365-க்கு 18. இரண்டும் மூன்றால் வகுபடும், எனவே இடது பக்கம் முழுவதும் வகுபடும். 4472-க்குக் கூட்டுத்தொகை 17. வகுபடாது.

கம்பிவேலி | 4 ஆகஸ்ட், காலை 7:48

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, எங்கே சறுக்கும் என்பதோடு சேர்த்து:

பத்து இலக்கம் காட்டும் சயன்டிஃபிக் கால்குலேட்டர்தான் இந்த ஜோக்குக்கு ஏற்ற மேடை. 1782 ^ 12 + 1841 ^ 12 அடித்தால் 2.541210259 × 10³⁹. 1922 ^ 12 அடித்தாலும் அதே. இனி 12-ஆம் மூலம் எடுங்கள்: ^ ( 1 ÷ 12 ). அடைப்புக்குறி கட்டாயம். விட்டுவிட்டால் முதலில் 1-ஆம் அடுக்கு, பிறகு 12-ஆல் வகுத்தல் என்று போய் 10³⁸ அளவில் சம்பந்தமில்லாத எண் வரும். சரியாகச் செய்தால் திரையில் 1922.

அப்படியே விடாமல் "− 1922 =" அடியுங்கள். பெரும்பாலான கால்குலேட்டர்கள் திரையில் காட்டுவதைவிடச் சில இலக்கங்களை உள்ளே கூடுதலாக வைத்திருக்கும். பூச்சியத்துக்குப் பதில் −0.000000044 அளவில் ஒன்று எட்டிப் பார்க்கும். உண்மையான மூலம் 1921.99999996.

ஸ்ப்ரெட்ஷீட்டில் 15 இலக்கம் கிடைக்கும். அங்கே ஜோக் உடனே உடையும்: இடது 2.54121025861459 × 10³⁹, வலது 2.54121025931480 × 10³⁹. பைத்தான் என்ற நிரல் மொழியில் முழு எண்ணாகவே கணக்குப் போட்டு "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். சாதாரண எட்டு இலக்கக் கடை கால்குலேட்டர் 10³⁹-ஐத் தாங்காது, பிழை காட்டி நின்றுவிடும்.

1998-ன் எண்கள் இன்னும் நெருக்கம். மூலம் 4472.000000007. முதல் பத்து இலக்கமும் அச்சு அசலாக ஒன்று: 6397665634. 1995-ல் ஒன்பதுதான் ஒன்று; பத்தாவது இலக்கம் முழுமைப்படுத்தும்போது 8, 9 ஆக ஏறுவதால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. முழுமைப்படுத்தாமல் வெட்டிவிடும் கால்குலேட்டர் இருந்தால் அதில் 1995 ஜோக் வேலை செய்யாது, 1998 செய்யும்.

மீதி_ஒன்று | 4 ஆகஸ்ட், மதியம் 1:20

நாற்கரம் வைல்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். இந்த இரண்டு சமன்பாட்டுக்கும் அவர் தேவையே இல்லை. a¹² என்பது (a³)⁴. அடுக்கு 4-க்கு விடை கிடையாது என்பதை ஃபெர்மாவே 17-ஆம் நூற்றாண்டில் நிரூபித்துவிட்டார். 12-ஆம் அடுக்கில் விடை இருந்தால் 4-ஆம் அடுக்கிலும் இருந்தாக வேண்டும். ஜோக்கின் மூலம் என்று வைல்ஸைச் சொல்லலாம், அந்த வருடம் பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான். ஹோமரின் வரி ஏன் தப்பு என்பதற்கு அவரைச் சாட்சி போடக் கூடாது. விளக்கம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்புவது சகஜம்.

வடகரை | 4 ஆகஸ்ட், இரவு 9:02

சரி, இப்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் இது கணக்கு. கணக்கு உள்ள ஜோக்கைக் கணக்குப் போட்டு விளக்கலாம். 42-ஐ விளக்குங்கள் பார்ப்போம்.

நாற்கரம் | 4 ஆகஸ்ட், இரவு 10:40

42-க்குக் கணக்குப் போட்டால்தான் ஜோக் கெடும். அதனால் முதலில் வேறொன்று பார்க்க வேண்டும்: பக்கத்து எண்ணை வைத்துப் பாருங்கள். 4472-ஐ 4473 ஆக்கினால் ஹோமரின் வரி வெறும் தப்பான கணக்கு. அந்த இடத்தில் அந்த எண் மட்டும்தான் நிற்கும். அப்படியென்றால் கணக்கைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

42-க்கு வாருங்கள். எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் ஹிட்ச்ஹைக்கர் என்ற அறிபுனை நகைச்சுவைத் தொடர், 8 மார்ச் 1978-ல் பிபிசி ரேடியோ 4-ல் தொடங்கியது. பிரபஞ்சம், வாழ்க்கை, இன்னபிற எல்லாவற்றுக்குமான இறுதி விடையை ஒரு ராட்சதக் கணினியிடம் கேட்கிறார்கள். 75 லட்சம் வருடம் யோசித்து "நாற்பத்திரண்டு" என்கிறது. பிறகுதான், கேள்வி என்னவென்றே யாருக்கும் தெரியாது என்பது உறைக்கிறது. இங்கே 41 சொன்னாலும் சிரிப்பு வந்திருக்கும், 38 சொன்னாலும். அவ்வளவு பெரிய கேள்விக்கு இவ்வளவு சாதாரணமான எண் என்பதே விஷயம். எண்ணுக்கு மகத்துவம் ஏற்றினால் அந்தப் பொருத்தமின்மை போய்விடும், சிரிப்பும் போய்விடும்.

ஆகவே 42-க்கு உரை எழுதும்போது சொல்ல வேண்டியது: யார் கேட்டார்கள், எத்தனை வருடம், என்ன பதில். அதோடு நிறுத்த வேண்டும்.

தட்டச்சு | 5 ஆகஸ்ட், காலை 6:55

நிறுத்த மாட்டார்கள் என்பதுதான் நடைமுறை. "பத்துக்குப் பதில் 13-ஐ எண்ணடியாக வைத்தால் 6 × 9 = 42" என்று ஒருவர் வருவார். கதையில் ஓரிடத்தில் கேள்வி "ஆறை ஒன்பதால் பெருக்கினால் என்ன" என்று வெளிப்படும். 54 அல்லவா வர வேண்டும்? 13 அடியில் எழுதினால் 4 × 13 + 2 = 54, அதாவது "42". கணக்கு சரி. ஆனால் 13 அடியில் யாரும் ஜோக் எழுதுவதில்லை என்று ஆடம்ஸே மறுத்துவிட்டார். இன்னொருவர், கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 42 என்பது நட்சத்திரக் குறி, அது "எதுவாகவும் இருக்கலாம்" என்று பொருள்படும் குறி என்பார். அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது, ஜோக்கில் இல்லை. 1993-ல் இணையக் குழு ஒன்றில் இந்த வியாக்கியானங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, சாதாரணமான, சின்ன எண் ஒன்று வேண்டியிருந்தது, அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஆடம்ஸ் எழுதினார்.

மீதி_ஒன்று | 5 ஆகஸ்ட், காலை 9:30

நாற்கரத்தின் பக்கத்து எண் சோதனை 1978-க்குச் செல்லும். இன்றைக்குச் செல்லாது. இன்று ஒருவர் ரயில் இருக்கை எண் 42 கிடைத்தது என்று எழுதிச் சிரிப்புக் குறி போட்டால், 41 அந்த இடத்தில் நிற்காது. முதலில் எதுவாகவும் இருந்திருக்கக்கூடிய எண், பேர் பெற்ற பிறகு அசையாத எண்ணாகிவிட்டது. ஆகவே உரை எழுதும்போது இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்: மூல ஜோக்கா, மூல ஜோக்கைச் சுட்டும் ஜோக்கா.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. ஓர் எண்ணை மூன்று முழு எண்களின் கனங்களின் கூட்டுத்தொகையாக எழுதும் பழைய கணக்கு (கழித்தல் குறியும் வரலாம்). 100-க்குக் கீழே சாத்தியமான எல்லா எண்களுக்கும் விடை கிடைத்துவிட்டது, 33-ம் 42-ம் மட்டும் பாக்கி. 2019-ல் ஆண்ட்ரூ புக்கர் 33-ஐ முடித்தார். கடைசியாக மிஞ்சியது 42! அதே வருடம் செப்டம்பரில் புக்கரும் ஆண்ட்ரூ சதர்லண்டும் அதையும் முடித்தார்கள்:

(−80538738812075974)³ + 80435758145817515³ + 12602123297335631³ = 42

உலகெங்கும் உள்ள தனியார் கணினிகளின் ஓய்வு நேரத்தைச் சேர்த்து, பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடிய கணக்கு. கணித உலகத்துக்கு வெளியே 33-க்குக் கிடைக்காத தலைப்புச் செய்தி 42-க்குக் கிடைத்தது.

கம்பிவேலி | 5 ஆகஸ்ட், இரவு 8:15

மேலே உள்ளதை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம். பெரிய கனங்கள் இரண்டும் 10⁵⁰ அளவில் இருக்கும். 15 இலக்கத் துல்லியத்தில் கூட்டிக் கழித்தால் 42 வராது, ஏதோ பிரம்மாண்டமான குப்பை வரும். பைத்தான் போல முழு எண்ணை வெட்டாமல் வைத்திருக்கும் கருவி வேண்டும்.

தட்டச்சு | 6 ஆகஸ்ட், மாலை 5:10

ஜோக்கைச் சுட்டும் ஜோக் என்றதும் ஃப்யூச்சராமா என்ற கார்ட்டூன் தொடரின் இரும எண் (0, 1 மட்டும் வைத்து எழுதுவது) நினைவுக்கு வருகிறது. 2000-ல் வந்த எபிசோட். பேய் மாளிகையில் பெண்டர் என்ற ரோபோ இருக்கிறது. சுவரில் ரத்தத்தில் 0101100101. பெண்டருக்கு அது அர்த்தமில்லாத எண், அலட்டிக்கொள்ளவில்லை. திரும்பிக் கண்ணாடியில் அதையே பார்த்ததும் அலறுகிறது.

இதை விளக்க மூன்று படி வேண்டும். ஒன்றை விட்டாலும் விழாது. கண்ணாடியில் வரிசை தலைகீழாகி 1010011010 ஆகிறது. அதைப் பத்தின் அடிக்கு மாற்றினால் 512 + 128 + 16 + 8 + 2 = 666, பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் எண். மூன்றாவது, 1980-ல் வந்த தி ஷைனிங் படம்: கதவில் எழுதிய "ரெட்ரம்" கண்ணாடியில் "மர்டர்" என்று தெரியும் காட்சி. அந்தக் காட்சியைத்தான் ரோபோவுக்கு ஏற்ற மாதிரி எண்ணாக மாற்றியிருக்கிறார்கள்.

பலர் 666-ஓடு நின்றுவிடுகிறார்கள். கண்ணாடி ஏன் வந்தது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நேராகப் படித்தால் என்ன என்று சோதித்தவர்களுக்கு: 256 + 64 + 32 + 4 + 1 = 357. பெண்டர் அலட்டிக்கொள்ளாதது நியாயம்தான்.

நாற்கரம் | 6 ஆகஸ்ட், இரவு 11:50

அதே தொடரில் 1729. பெண்டருக்கு வரும் கிறிஸ்துமஸ் அட்டையில் "மகன் எண் 1729", ஒரு விண்கலத்தின் பதிவெண்ணில் 1729, ஓர் இணைப் பிரபஞ்சத்தின் எண் 1729.

இதற்கு உரை நம்மவர்கள் கையில். லண்டனின் பட்னியில் நோயோடு படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்கக் கணிதர் ஹார்டி வருகிறார். வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்கிறார். இல்லை, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது (நேர்ம எண்களில்) என்கிறார் ராமானுஜன். 1³ + 12³ = 9³ + 10³.

ஆனால் 1729 என்பது நுழைவாயில்தான். 2000-ல் வந்த இன்னொரு எபிசோடில் பெண்டரும், தாடி தவிர அச்சில் அவனைப் போலவே இருக்கும் ஃபிளெக்ஸோவும் தங்கள் வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்: ஃபிளெக்ஸோவுடையது 3370318, பெண்டருடையது 2716057. "நம்ம ரெண்டு பேரோடதும் ரெண்டு கனங்களோட கூட்டுத்தொகை!" கூட இருக்கும் நண்பன் ஃப்ரைக்கு ஒன்றும் புரியவில்லை. உண்மையிலேயே அப்படித்தான்:

3370318 = 119³ + 119³
2716057 = 952³ + (−951)³

இரண்டாவதில் கழித்தல் குறி இருப்பதால் பலர் இது "ஏமாற்று" என்பார்கள். முழு எண் என்றால் எதிர்மறையும் சேர்த்திதான். சரிபார்க்கப் பெரிய பெருக்கல் வேண்டாம்: அடுத்தடுத்த இரண்டு எண்களின் கன வித்தியாசம் 3 × அவற்றின் பெருக்கல் + 1. 951 × 952 = 905352, மூன்று மடங்கு 2716056, ஒன்று கூட்டினால் வந்துவிட்டது.

2007-ல் வந்த முழுநீளப் படத்தில் ஒரு டாக்ஸியின் எண் 87539319. இரண்டு கனமாக மூன்று விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் (நேர்ம எண்களில்): 167³ + 436³, 228³ + 423³, 255³ + 414³. டாக்ஸியின் மேலேயே எழுதியிருந்ததால் ராமானுஜனுக்கான வணக்கம் அது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

வடகரை | 7 ஆகஸ்ட், காலை 8:20

நம்ம ஊரில் இப்படி எதுவும் இல்லையா? 420 தவிர.

கம்பிவேலி | 7 ஆகஸ்ட், காலை 8:58

420-ஐயே ஏன் தள்ளுகிறீர்கள்? விளக்கம் எழுதும்போது அதிகம் வழுக்கும் எண் அது. இந்தியாவில் ஏமாற்றுக்காரர்: 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 420. ராஜ் கபூரின் 1955 படம் அதை இந்தியில் தலைப்பாக்கியது. அவ்வை சண்முகியை (1996) கமல் இந்திக்குக் கொண்டுபோனபோது சாச்சி 420 (1997) ஆனது: ஆள்மாறாட்டம் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். ஆனால் அமெரிக்கருக்கு 420 என்றால் கஞ்சா. 1971-ல் கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் சில பள்ளி மாணவர்கள் மாலை 4:20-க்குக் கூடியதிலிருந்து வந்த வழக்கு. ஒரே எண், இரண்டு ஊர், சம்பந்தமே இல்லாத இரண்டு சிரிப்பு. சப்டைட்டில் எழுதுகிறவர்கள் எண்ணை மட்டும் அப்படியே விட்டால் அங்கே உள்ளவருக்கு வேறு படம் ஓடும்.

இன்னொன்றும் உண்டு. 1 ஜூலை 2024 முதல் அந்தக் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). யாரும் யாரையும் "முந்நூற்றுப் பதினெட்டு" என்று திட்டப்போவதில்லை. சட்டத்தில் எண் போய்விட்டது, வசவில் இருக்கிறது. இனி வருகிறவர்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்படும்.

மீதி_ஒன்று | 7 ஆகஸ்ட், மதியம் 2:44

கரகாட்டக்காரன் (1989) வாழைப்பழத்தை விட்டுவிட்டீர்களே. ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம், ஒன்று கையில், இன்னொன்று எங்கே என்று கவுண்டமணி கேட்க, கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்று செந்தில் சாதிக்கும் காட்சி. கணக்கு முறையில் பார்த்தால் செந்திலின் வாதம் பாதி சரி. இரண்டு பொருளில் ஒவ்வொன்றும் மற்றதற்கு "இன்னொன்று". எதை முதலில் எண்ணினோம் என்று குறித்துக்கொள்ளாதவரை எதையும் அப்படிச் சொல்லலாம். கவுண்டமணி கேட்பது எண்ணிக்கை, செந்தில் சொல்வது அடையாளம். இந்தக் கேள்வியை எத்தனை முறை மாற்றிக் கேட்டாலும் அவர் தப்பித்துக்கொண்டே இருப்பது அதனால்தான். இரண்டு பழத்தையும் ஒரே நேரத்தில் காட்டு என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

பக்கத்து எண் சோதனையும் போடலாம்: மூன்று பழமாக இருந்தால் இந்த வாதம் நிற்காது. "இன்னும் இரண்டு எங்கே" என்றால் கையில் உள்ள ஒன்று இரண்டாக முடியாது. இரண்டு என்பதால் மட்டுமே ஓடும் ஜோக்.

தட்டச்சு | 7 ஆகஸ்ட், மதியம் 3:01

பாட்ஷாவின் (1995) ஒரு தடவை = நூறு தடவை மட்டும் அந்தச் சோதனையில் பாதி தேறும். 99 நிற்காது, ஆயிரம் நிற்கும். அங்கே வேண்டியது நூறு, ஆயிரம் போல முழுசான ஓர் எண், குறிப்பிட்ட எண் இல்லை. நிரலாளர்கள் இதை வைத்துச் செய்யும் மீம்கள் "1 = 100" என்ற சமன்பாட்டை நேராக எடுத்துக்கொள்வதால் சிரிப்பு வருகிறது.

நாற்கரம் | 9 ஆகஸ்ட், இரவு 9:25

73 இன்னும் வரவில்லை. பிக் பேங் தியரி என்ற அமெரிக்க நகைச்சுவை சீரியல், டிசம்பர் 2010. 73-தான் சிறந்த எண் என்பதற்கு அதில் வரும் ஷெல்டன் சொல்லும் காரணங்கள்: 73 என்பது 21-ஆவது பகா எண். திருப்பினால் 37, அது 12-ஆவது பகா எண், 21-ஐத் திருப்பினால் 12. 7 × 3 = 21. இருமத்தில் 1001001, முன்னும் பின்னும் ஒன்று. எண்களின் சக் நோரிஸ் (ஆக்‌ஷன் நடிகர்) என்று அவர் நண்பர் லெனர்ட் பட்டம் கொடுக்கிறார். சக் நோரிஸைப் பற்றிய "அவரால் முடியாதது இல்லை" வகை மீம் தெரியாவிட்டால் அந்தப் பதில் விழாது. அந்த எபிசோட் தொடரின் 73-ஆவது எபிசோட்.

இதை எழுதும்போது பலர் கோட்டை விடுவது: இரும வடிவம் அலங்காரம், அப்படிப்பட்ட எண்கள் ஏராளம். தனித்தன்மை திருப்பும் விதி, இலக்கப் பெருக்கல் விதி இரண்டும் சேர்வதில் இருக்கிறது. இலக்கப் பெருக்கல் விதிக்கு 17-ம் தேறும்: 1 × 7 = 7, அது 7-ஆவது பகா எண். 2475989-ம் தேறும்: இலக்கங்களைப் பெருக்கினால் 181440, அது 181440-ஆவது பகா எண். ஆனால் திருப்பும் விதியில் 17 விழும்: 71 என்பது 20-ஆவது, 7 இல்லை.

மீதி_ஒன்று | 10 ஆகஸ்ட், காலை 10:10

இரண்டு விதிக்கும் தேறுவது 73 மட்டும்தான் என்று 2019-ல் கார்ல் பொமரன்ஸும் கிறிஸ் ஸ்பைசரும் நிரூபித்துவிட்டார்கள். தேடலை எங்கே நிறுத்துவது என்பதில்தான் அழகு இருக்கிறது. k இலக்க எண்ணின் இலக்கங்களைப் பெருக்கினால், முதல் இலக்கம் தவிர மற்ற ஒவ்வொன்றும் அதிகபட்சம் 9 மடங்குதான் கூட்டும். எண்ணோ ஒவ்வொரு இலக்கத்துக்கும் 10 மடங்கு வளர்கிறது. பகா எண் வரிசையில் p-யின் இடம் குறைந்தது p ÷ (p-யின் இயல் மடக்கை). எனவே (10/9)ᵏ⁻¹ அந்த மடக்கையைத் தாண்டியதும் பெருக்கல் எட்டவே முடியாது. 45 இலக்கத்துக்கு (10/9)⁴⁴ ஏறக்குறைய 103.1, மடக்கை 103.6 வரை போகலாம், இன்னும் தாண்டவில்லை. 46 இலக்கத்தில் 114.6-க்கு எதிரே 105.9. ஆக 10⁴⁵-க்கு மேல் தேட வேண்டியதில்லை. அதற்குக் கீழே உள்ளதைச் சல்லடை போடுவதுதான் மீதி வேலை.

2019 ஏப்ரலில் அந்த நிரூபணத்தின் வரிகள் அதே சீரியலில் பின்னணி வெள்ளைப்பலகையில் வந்தன. சீரியல் ஜோக் தேற்றமாகி, தேற்றம் சீரியலுக்கே திரும்பியது. எனக்கு இந்த வகையில் மிகவும் பிடித்தது இதுதான்.

வடகரை | 10 ஆகஸ்ட், இரவு 9:48

சோதனையை நானே போட்டுப் பார்க்கிறேன். 2006 சிம்ப்சன்ஸ் எபிசோட், பேஸ்பால் மைதானத் திரையில் இன்றைய பார்வையாளர் எண்ணிக்கையை ஊகிக்கச் சொல்லி மூன்று விடை: 8191, 8128, 8208. மேலோட்டமாக "கூட்டமே இல்லை" என்ற ஜோக், அதற்கு எந்த எண்ணும் செல்லும். ஆனால் மூன்றும் உள்ளே வேறு எதையோ சொல்கின்றன என்று தோன்றுகிறது. 8191 = 2¹³ − 1, பகா எண். மற்ற இரண்டும் பிடிபடவில்லை.

கம்பிவேலி | 10 ஆகஸ்ட், இரவு 10:03

8191 மெர்சென் பகா எண் (2-ன் அடுக்கில் ஒன்று குறைத்தால் வரும் பகா எண்), சரி. 8128-ஐ 64 × 127 என்று பிரியுங்கள். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் (1, 2, 4, 8, 16, 32, 64, 127, 254, 508, 1016, 2032, 4064) திரும்ப 8128 வரும். இப்படிப்பட்ட எண்களில் 6, 28, 496-க்கு அடுத்தது. 8208-க்கு நான்கு இலக்கம் என்பதால் ஒவ்வொன்றையும் நான்காம் அடுக்காக்குங்கள்: 4096 + 16 + 0 + 4096.